குறைமாதப் பிள்ளைக்குக் குடல் அழற்சி: பாலை நிறுத்திய பிறகு என்ன நடக்கும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு தகப்பன். மகன் 28 கிழமையில், 1,050 கிராம் எடையில், கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையில் பிறந்திருக்கிறான். 17ஆம் நாள் வயிறு ஊதி, வாய் வழியாகப் போட்ட டியூப்பில் பச்சையாக வந்து, மலத்தில் இரத்தமும் கண்டிருக்கிறது. பாலை நிறுத்திவிட்டு, "நெக், இரண்டாம் கட்டம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு இருக்கும் கொலைட்டிஸ்தான் பிள்ளைக்கும் வந்துவிட்டதா, இரண்டு நாள் பால்மா கொடுத்ததாலா இது, ஒப்பரேஷன் வேண்டிவருமா, தனியாருக்கு மாற்றலாமா, லண்டனில் இருக்கும் மைத்துனர் அனுப்பப்போகும் புரோபயோட்டிக் துளிகளைக் கொடுக்கலாமா என்று இத்தனையும் கேட்டிருக்கிறார். நான் கொழும்பில் குறைமாதப் பிள்ளைகளின் வாட்டுகளில் நீண்ட காலம் வேலை செய்த டொக்டர். உங்கள் மகனை நான் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயையும் பார்க்கவில்லை. ஆகவே அவனைப் பார்க்கிற டொக்டர் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் எங்காவது இடித்தால், அவர் சொல்வதையே எடுங்கள்.

தம்பி, முதலில் பெரியப்பாவின் கதையை முடித்துவிடுவோம். அவருக்கு இருப்பது பெரியவர்களுக்கு வரும் நாட்பட்ட குடல் அழற்சி. குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சொல்வார்கள். வருடக்கணக்கில் கூடுவதும் குறைவதுமாக இருக்கும். அது பிறந்த சிசுவுக்கு வருவது மிக மிக அரிது. வந்தாலும் பெரும்பாலும் ஒரு தனி மரபணுக் கோளாறினால்தான் வரும். உங்கள் மகனுக்கு வந்திருப்பது நெக்ரோட்டைசிங் என்டரோகொலைட்டிஸ். வாட்டில் எல்லோரும் நெக் என்றே சொல்வார்கள். இது பரம்பரை நோய் அல்ல, நாட்பட்ட நோயும் அல்ல. ஒரேயடியாக வந்து, சில நாட்களுக்குள் ஒரு பக்கம் தீரும் நோய். பெரியப்பாவின் மெசலசின் மாத்திரைக்கும் ஸ்டெரொயிட்டுக்கும் இதில் வேலை இல்லை. பெரியவர்களின் அந்த நாட்பட்ட நோய்களுக்குப் பொதுப் பெயர் ஐபிடி. இணையத்தில் அப்படித் தேடி வாசித்ததையெல்லாம் மறந்துவிடலாம்.

ஏன் வருகிறது? குறைமாதக் குடல் இன்னும் தயாராகவில்லை. அதன் உட்சுவர் மெல்லியது, அசைவு மந்தம், நல்ல கிருமிகள் இன்னும் குடியேறவில்லை. அதோடு குடற்சுவரில் கிருமிகளை மோப்பம் பிடிக்கும் ஒரு புரதம் இருக்கிறது, டிஎல்ஆர்4 என்று பெயர். குறைமாதத்தில் அது தேவைக்கு மேல் விழிப்பாக இருப்பதால், சாதாரண கிருமிகளைக் கண்டாலும் பெரிய சண்டையாக்கிவிடுகிறது. சுவர் அழற்சியடைகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சில இடங்கள் செத்தும் போகலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலும்தான் அதிகம் அடிபடும். பிறந்த உடனேயே இது வருவது குறைவு. கருவயதோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 29 முதல் 33 கிழமைக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும். உங்கள் மகன் இப்போது 30 கிழமை தாண்டியிருப்பான், சரியாக அந்தக் காலத்துக்குள் நிற்கிறான். 1,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது வருகிறது.

"இரண்டாம் கட்டம்" என்றது 1978இல் பெல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் கூட இருந்தவர்களும் வகுத்த கணக்கு. முதலாம் கட்டம் வெறும் சந்தேகம். வயிறு ஊதல், பால் செரியாமல் நிற்பது, அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் பாலை நிறுத்திப் பார்த்தால் பலருக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். இரண்டாம் கட்டம் என்றால் எக்ஸ்ரேயில் குடற்சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் தெரிகின்றன. பாண் துண்டை வெட்டினால் தெரியுமே சிறு சிறு ஓட்டைகள், அதுபோல. கிருமிகள் சுவருக்குள் புகுந்து வாயுவை உண்டாக்கியிருக்கின்றன. மூன்றாம் கட்டத்தில் பிள்ளை மொத்தமாகத் தளர்ந்துபோகும், அல்லது குடல் ஓட்டையாகிவிடும். இரண்டாம் கட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் கத்தி படாமலே தேறிவிடுகிறார்கள். இதை முதலில் மனதில் வையுங்கள். ஆனால் விளையாட்டான நோயும் அல்ல. எல்லாக் கட்டங்களையும் சேர்த்தால் நான்கைந்து பிள்ளைகளில் ஒன்றை இழக்கிறோம். எடை குறையக் குறைய, ஒப்பரேஷன் தேவைப்பட்டவர்களில் இன்னும் அதிகம்.

இப்போது சிகிச்சை. வெளியிலிருந்து பார்க்கும் தகப்பனுக்கு ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பது போலத்தான் தோன்றும். பாலையும் நிறுத்திவிட்டார்கள், பிள்ளையைத் தூக்கவும் விடுவதில்லை, கேட்டால் "பார்ப்போம்" என்கிறார்கள். உண்மையில் குடலுக்கு ஓய்வு கொடுத்து, கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இதற்கு வைத்தியம். அழற்சியை நேரடியாக அணைக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

வாய் வழியாக வயிற்றுக்குள் போகும் டியூப் இப்போது பால் கொடுக்க அல்ல, காற்றையும் தேங்கிய நீரையும் வெளியே எடுக்க. அதில் என்ன நிறத்தில் வருகிறது, எவ்வளவு வருகிறது என்று நேர்ஸ்மார் எழுதிவைப்பார்கள். கரும்பச்சை மெல்ல மெல்ல வெளிறி, தெளிந்த நீராகி, அளவும் குறைந்தால் நல்லது. வயிற்றின் சுற்றளவைத் தொப்புள் மட்டத்தில் அளவு நாடாவால் அளந்து பார்ப்பதும் உண்டு. இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு அன்டிபயோட்டிக் தொடங்குவார்கள். அம்பிசிலின், ஜென்டமைசின், மெட்ரோனிடசோல் மூன்றும் சேர்ந்து வருவது வழக்கம். வாட்டில் எந்தக் கிருமி நடமாடுகிறது என்பதைப் பொறுத்து வேறும் வரலாம். இரண்டாம் கட்டத்துக்கு ஏழு முதல் பதினான்கு நாள்.

அந்த நாட்களில் சாப்பாடு முழுவதும் இரத்தக் குழாய் வழியாகத்தான். டிபிஎன் என்பார்கள். சீனி, அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள் எல்லாம் கலந்த திரவம் ஒரு மெல்லிய நீண்ட லைன் வழியாக ஏறும். இது உயிர்காக்கும் சாப்பாடு, ஆனால் இலவசமாகக் கிடைப்பதல்ல. லைனில் கிருமி தொற்றலாம், நாள் கூடினால் ஈரலில் பித்தம் தேங்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் டிபிஎன் போய், பிள்ளையின் மஞ்சள் கூடி, மலம் வெளிறினால் அதைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

முதல் 48 மணித்தியாலம்தான் எங்களுக்கும் நித்திரை இல்லாத நேரம். ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பார்கள். பிள்ளையை இடப்பக்கமாகச் சரித்து வைத்து ஒரு படம் எடுப்பதைக் கண்டு பயப்படவேண்டாம். குடலில் ஓட்டை விழுந்திருந்தால் காற்று மேலே ஏறி ஈரலுக்குப் பக்கத்தில் தெரியும், அதற்காகத்தான். இரத்தத்தில் பிளேட்லட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை, அமிலத்தன்மை, சோடியம், அழற்சியைக் காட்டும் சிஆர்பி எல்லாம் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மூச்சுக்கு இயந்திரம், இரத்தம், இரத்த அழுத்தத்துக்கு மருந்து. வலிக்கு மருந்து கொடுக்கிறார்களா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். இந்த நோய் வலிக்கும், பிள்ளையால் சொல்லத்தான் முடியாது.

வாட்டுக்குப் போனால் "பிள்ளை எப்படி?" என்று மட்டும் கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இன்றைய பிளேட்லட் எவ்வளவு, நேற்றையதைவிட ஏறியதா இறங்கியதா? எக்ஸ்ரேயில் காற்று குறைந்ததா? டியூப்பில் என்ன நிறம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்று உங்களுக்கே விளங்கும். சிங்களத்தில் சொல்வது பிடிபடாவிட்டால் வெட்கப்படாமல் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கொழும்பு வாட்டுகளில் ஒருவராவது இருப்பார்.

அடுத்தது தாய்ப்பால். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த இரண்டு கிழமையில் குடும்பம் செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை இதுதான். பால் நிறுத்தப்பட்டது பிள்ளைக்கு, தாய்க்கு அல்ல. "பிள்ளைதான் குடிக்கவில்லையே, இனி எதற்கு எடுக்க?" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், தாயும் அழுதுகொண்டே விட்டுவிடுவாள். பத்து நாள் கழித்துப் பால் தொடங்கலாம் என்று டொக்டர் சொல்லும்போது பால் வற்றியிருக்கும். அப்புறம் கையில் இருப்பது பால்மா மட்டும்தான். எந்தக் குடலுக்குத் தாய்ப்பால் மிக அவசியமோ, அந்தக் குடலுக்கே அது இல்லாமல் போய்விடும்.

ஆகவே ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது, இரவில் ஒருமுறை எழும்பியும், எடுக்கவேண்டும். கையால் எடுத்தாலும் சரி, பம்ப் இருந்தாலும் சரி. கழுவிக் கொதிக்கவைத்த சிறு போத்தலில் எடுத்து, பிள்ளையின் கட்டில் இலக்கம், திகதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். பிரிட்ஜில் நான்கு நாள் வரை நிற்கும், டீப் பிரீசரில் மாதக்கணக்கில். வாட்டின் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் வாட் விதிதான். கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளைப் பக்கம் வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோவதானால் ஐஸ் கட்டி போட்ட பெட்டி வேண்டும். சில பிரிவுகளில் பாலை நிறுத்தியிருக்கும் நாட்களிலும் தாயின் சீம்பாலில் ஓரிரு துளியைக் கன்னத்தின் உட்புறம் தடவுவார்கள். அது வயிற்றுக்கான சாப்பாடு அல்ல, வாய்க்குள் எதிர்ப்புச் சக்திக்கு. உங்கள் வாட்டில் செய்கிறார்களா என்று கேட்டுப்பாருங்கள்.

பத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. பால்சுறாவும் உள்ளியும் போட்ட கறியை அம்மம்மா சமைத்துக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் பாலைச் சுரக்கவைப்பது முக்கியமாக அடிக்கடி எடுப்பதுதான், அப்புறம் நித்திரையும் தண்ணீரும். "அதைச் சாப்பிட்டாயே, அதனால்தான் பிள்ளைக்கு வயிறு ஊதியது" என்ற பேச்சுக்கு மட்டும் வீட்டில் இடம் கொடுக்கவேண்டாம். தாய் என்ன சாப்பிட்டாலும் நெக் வராது.

பால்மாக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதில் பாதி உண்மை இருக்கிறது. 1990இல் லூக்காஸ், கோல் என்ற இருவர் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய ஆய்வில், முழுக்கப் பால்மாவில் வளர்ந்த குறைமாதப் பிள்ளைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட நெக் ஆறு முதல் பத்து மடங்கு அதிகம் என்று கண்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன. ஆனால் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் நாக்கில் படாத பிள்ளைக்கும் நெக் வந்து பார்த்திருக்கிறோம். இரண்டு நாள் பால்மாவைச் சுட்டிக்காட்டி "இதனால்தான்" என்று யாராலும் சொல்லமுடியாது. 28 கிழமையில் பிறந்ததுதான் முதற்காரணம். பாலை வேகமாகக் கூட்டியதாலா என்றும் சிலர் கேட்பார்கள். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 2,800 பிள்ளைகளை வைத்துச் செய்து 2019இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்குக் கிலோவுக்கு 18 மில்லிலீற்றர் கூட்டினாலும் 30 கூட்டினாலும் நெக்கில் வித்தியாசம் இல்லை. ஆகவே மனைவியையும் நேர்ஸ்மாரையும் குற்றம் சொல்லாதீர்கள். பிரசவத்துக்கு முன் மனைவிக்குச் சுவாசப்பைக்கு என்று ஒரு ஸ்டெரொயிட் ஊசி போட்டிருந்தால், அது குடலுக்கும் கொஞ்சம் பாதுகாப்புக் கொடுத்திருக்கும்.

ஒப்பரேஷன். குடலில் ஓட்டை விழுந்தால் கேள்வியே இல்லை, செய்யத்தான் வேண்டும். ஓட்டை இல்லாமலும், எல்லா மருந்தும் போய்க்கொண்டிருக்கும்போதே பிளேட்லட் விழுந்துகொண்டே போவது, அமிலம் கூடுவது, வயிற்றுத் தோல் சிவந்தோ நீலம் பாய்ந்தோ வருவது, ஒரு குடல் வளையம் எல்லா எக்ஸ்ரேயிலும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது, இவற்றைக் கண்டால் சத்திரசிகிச்சை நிபுணர் யோசிப்பார். சீக்கிரம் திறந்தால் பிழைக்கக்கூடிய குடலையும் வெட்டிவிடலாம், பிந்தினால் பிள்ளையையே இழக்கலாம். இந்தத் தீர்மானம்தான் இந்த நோயில் ஆகக் கடினமானது, அதனால் அவர் ஒரு நாளில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் அலட்சியம் என்று நினைக்கவேண்டாம்.

ஒப்பரேஷனில் செத்த பகுதியை எடுத்துவிட்டு, நல்ல முனையை வயிற்றுத் தோலில் ஒரு வாயாக வெளியே வைப்பார்கள். சில மாதங்களுக்குள் திரும்ப இணைத்துவிடலாம். மிகச் சிறிய, தாங்கமாட்டாத பிள்ளைக்கு வயிற்றில் ஒரு சிறு வடிகுழாய் மட்டும் வைப்பதும் உண்டு. 2021இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, நெக்கைப் பொறுத்தவரை திறந்து செய்வதே நல்லது என்ற பக்கம் சாய்ந்தது. ஆனாலும் எந்தப் பிள்ளை எதைத் தாங்கும் என்பதைக் கட்டிலருகில் நிற்பவர்தான் சொல்லவேண்டும். எவ்வளவு குடல் போனது என்பதைவிட எவ்வளவு மிஞ்சியது என்று கேளுங்கள். கருவின் கடைசி மூன்று மாதத்தில் சிறுகுடல் ஏறத்தாழ இரட்டிப்பாக நீளும். உங்கள் மகனுக்கு அந்த வளர்ச்சி இன்னும் பாக்கி இருக்கிறது, இது அவன் பக்கம்.

தனியாருக்கு மாற்றலாமா? என் அபிப்பிராயம், இந்த நேரத்தில் வேண்டாம். நிலைமை நிதானமில்லாத ஒரு கிலோப் பிள்ளையை வெறும் மனத் திருப்திக்காக அம்புலன்ஸில் ஏற்றுவது ஆபத்து. இரவு இரண்டு மணிக்கும் எக்ஸ்ரே எடுக்கமுடியுமா, டிபிஎன் இருக்கிறதா, குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சை நிபுணர் கூப்பிட்டால் வருவாரா என்பவைதான் இங்கே கணக்கு, ஏசி அறை அல்ல. டி சொய்சா, காசல் வீதிப் பெண்கள் வைத்தியசாலைகளும் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் கொழும்பு 8 வட்டாரத்துக்குள்ளேயே இருக்கின்றன. கத்தி வேண்டிவந்தால் பிள்ளை தூரம் போகவேண்டியதில்லை. அதோடு அரச வைத்தியசாலையில் இதெல்லாம் இலவசம். தனியாரில் இன்குபேட்டர் ஒவ்வொரு நாளும் பில்லை ஏற்றும், இது ஓரிரு நாளில் முடிகிற நோய் அல்ல. மாற்றவேண்டிய தேவை வந்தால் வாட்டே மாற்றும்.

லண்டன் துளிகள். மைத்துனரின் அன்புக்கு நன்றி சொல்லி, அனுப்பவேண்டாம் என்று சொல்லுங்கள். சில வகைப் புரோபயோட்டிக்குகள் நெக் வருவதைக் குறைக்கலாம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது தடுப்பு, வந்த பிறகு மருந்து அல்ல. சுவர் புண்ணாகியிருக்கும் குடலுக்குள் உயிருள்ள கிருமியை விடுவது இப்போது கூடாது. 2023இல் அமெரிக்காவில் புரோபயோட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை அதே கிருமி இரத்தத்தில் பரவி இறந்த பிறகு, குறைமாதப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பது பற்றி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது. டொக்டருக்குத் தெரியாமல் எதையும் இன்குபேட்டருக்குள் கொண்டுபோகாதீர்கள்.

எல்லாம் நல்லபடி போனால் ஏழு முதல் பதினான்கு நாளில் பால் திரும்பத் தொடங்கும். முதல் நாள் கொடுப்பது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு மில்லிலீற்றர் போல இருக்கும். பிஸ்டனைக் கழற்றிய சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, தானாக இறங்கவிடுவார்கள். மனைவி சேமித்துவைத்த பால்தான் முதலில். இவ்வளவு கொஞ்சமா என்று மனம் சோர்ந்துபோகவேண்டாம், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டுவார்கள். நூற்றுக்கு ஐந்து பிள்ளைகள் போல நெக் திரும்பவும் வரலாம் என்பதால் எல்லோரும் பொறுமையாகத்தான் போவார்கள். இடையில் ஒரு நாள் நிறுத்தினால் எல்லாம் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. டொக்டர் சரி என்று சொன்னவுடன் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருங்கள். நீங்களும் வைக்கலாம், தாய் மட்டும்தான் என்றில்லை. அது பாலுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. இந்தக் கலவரத்தில் கண் பரிசோதனை தவறிவிடக்கூடாது. 28 கிழமைப் பிள்ளைக்குப் பிறந்து நான்கு கிழமை அளவில் விழித்திரையைப் பார்க்கவேண்டும். ஜென்டமைசின் போனதால் கேட்கும் திறனையும் பார்க்கச் சொல்லுங்கள். மூளை வளர்ச்சியைக் கிளினிக்கில் தொடர்ந்து கவனிக்கவேண்டும், நெக் வந்த பிள்ளைகளில் சிலர் நடப்பதிலும் பேசுவதிலும் பிந்துகிறார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு கிரைப் வாட்டர், உரைமருந்து, தேன், கொதித்தாறிய நீர் ஒன்றும் வேண்டாம். தாய்ப்பாலும் டொக்டர் எழுதிக்கொடுத்த விற்றமின் துளிகளும் போதும். முதல் இரண்டு மூன்று மாதம் ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அழற்சி ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்கிக் குடல் அடைபடலாம். கத்தி படாமல் தேறிய பிள்ளைக்கும் இது வரும், அரிதும் அல்ல. வயிறு திரும்ப ஊதினால், மலம் போகாமல் நின்றால், நாப்பியில் இரத்தம் கண்டால், எல்லாவற்றுக்கும் மேலாகப் பச்சையாக வாந்தி எடுத்தால், விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். கிட்டவுள்ள டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிப் பார்ப்போம் என்றும் நினைக்கவேண்டாம். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் காட்டை (நோய் விபர அட்டையை) எடுத்துக்கொண்டு நேரே பெரியாஸ்பத்திரிக்கு வாருங்கள், "இவனுக்கு நெக் வந்தது" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.